முழங்கால் உயரம்

கோட்டுக்காரர் என்று சொன்னால்தான் எங்கள் ஊரில் அவரைத் தெரியும். அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன் இருபது வருடம் அவர் வெறும் பெயிண்டர். பள்ளிக்கூடத்து கேட், படகுகளின் பதிவு எண், 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எழுதியும் குப்பை கொட்டப்படுகிற சுவர், எல்லாமே அவர் கை. நான் நகராட்சியின் திட்டப் பிரிவில் எழுத்தர். வேலை உத்தரவுச் சீட்டை நான் டைப் அடிப்பேன், அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார். அவர் சுவரில் போட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் நான் அடித்த சீட்டு ஒன்று கோப்பில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் யாரையாவது திட்டினால், அதில் எனக்கும் பங்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒல்லியான மனிதர். ஒரு அறைக்குள் நுழைந்தால் ஆளைப் பார்க்கமாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். எங்கள் ஆபீஸில் தலைவர் படம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்ததை எட்டு வருடமாக யாரும் கவனிக்கவில்லை. இவர் வந்த முதல் நாளே ஸ்டூலைப் போட்டு ஏறி நிமிர்த்திவிட்டு, "இப்ப நேரா இருக்காரு" என்றார். படத்தைத்தான் சொல்கிறார் என்று நாங்கள் எல்லோரும் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டோம்.

அவருக்கு இருந்த ஒரே சொந்தம் ஒரு அக்கா. மனைவி இல்லையா என்று கேட்காதீர்கள், மனைவி இருந்தார், நல்லவர்தான். ஆனால் சொந்தம் என்று அவர் வாயில் வந்தால் அது அக்கா. அம்மா இறக்கும்போது இவருக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அப்பா கப்பல் வேலைக்குப் போனவர், ஒரு கடிதம் வந்தது, அதற்கப்புறம் அதுவும் இல்லை. அக்கா ஐஸ் பேக்டரியில் சேர்ந்து முப்பது வருடம் பாளம் பாளமாக ஐஸ் தள்ளினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "இவனைக் கட்டிக்கொடுத்துட்டு அப்புறம் பாக்கலாம்னு இருந்தேன், மறந்துபோச்சு" என்பார். அந்த பேக்டரியின் ஈரத் தரையில்தான் ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதிலிருந்து ஊன்றுகோல்.

அந்த முப்பது வருடத்தில் அவர் சேர்த்தது ஒன்றே ஒன்று, பள்ளத் தெருவில் இரண்டு அறை வீடு. பச்சைத் தரை, வெள்ளைச் சுவர், தெருப்பக்கமாகத் தள்ளித் திறக்கும் ஒரு மரக்கதவு. மாடி கிடையாது. துறைமுகத்துக்குப் பின்னால், ஊரின் தண்ணீரெல்லாம் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது அந்தத் தெரு. தம்பி கடைத்தெருவின் மேல்முனையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார். "என் வீட்ல நான் ராணி. உன் வீட்ல வந்தா விருந்தாளி. ரெண்டு நாளைக்கு மேல விருந்தாளியா இருக்க எனக்குத் தெரியாது" என்பது அக்காவின் பதில்.

இந்த நிலையில்தான் ஊருக்கு அந்த சர்வே பொறியாளர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். இரண்டு வருடம் கடலையும் தெருக்களையும் அளந்து, தலையணை மாதிரி ஒரு அறிக்கை கொடுத்தார். கடல் மட்டம் ஏறிக்கொண்டு வருகிறது, இன்னும் ஏறும், அதோடு ஒரு பெரிய புயலும் சேர்ந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்று மூன்று வரைபடத்தோடு எழுதியிருந்தார். இனி ஊரில் எதைக் கட்டினாலும் இந்தக் கணிப்பை வைத்துத்தான் கட்ட வேண்டும் என்பது அவர் பரிந்துரை.

நகராட்சி மன்றம் இரண்டாகப் பிளந்தது. ஆபீஸில் நாங்கள் அவர்களுக்கு மேட்டுக் கட்சி, பள்ளக் கட்சி என்று பெயர் வைத்திருந்தோம். மேட்டுக் கட்சிக்காரர்களுக்கு மேட்டில் காலி மனைகள் இருந்தன. கணிப்பை ஏற்றுக்கொண்டால் ஊர் அந்தப் பக்கம் நகரும். பள்ளக் கட்சிக்காரர்களுக்குத் துறைமுகத்தை ஒட்டி மனைகள். கணிப்பை ஏற்றுக்கொண்டால் அவை வெறும் மணல். ஆறு மாதம் காரசாரமாக விவாதம் நடந்தது. அந்த ஆறு மாதத்தில் கடலைப் பற்றிக் கவலைப்பட்டு ஒருவர் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. நான்தான் எல்லாவற்றையும் குறிப்பெடுத்தேன், எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு ஓட்டில் மேட்டுக் கட்சி ஜெயித்தது. பள்ளக் கட்சி உறுப்பினர் ஒருவர் அன்று பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார்.

அதன்படி, அறிக்கை சொன்ன உயரத்தில் ஊர் முழுக்கச் சுவர்களில் ஒரு நீலக்கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே இனிமேல் யாரும் குடியிருக்கும் அறை கட்டக்கூடாது. ஏற்கனவே இருப்பவர்கள் மெல்ல மெல்ல இடம் மாற வேண்டும். கோடு போடும் வேலை பெயிண்டருக்கு வந்தது.

அளவு சரியா என்று பார்க்க நகராட்சி ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று விதி. என்னை அனுப்பினார்கள். துறைமுக ஆபீஸ் படிக்கட்டில் பொறியாளர் ஒரு பித்தளை ஆணி அடித்து வைத்திருந்தார். அங்கிருந்துதான் கணக்கு. பெயிண்டரிடம் நீளமான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப் ஒன்று, உள்ளே தண்ணீர். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன், மறுமுனையை அவர் அடுத்த சுவருக்குக் கொண்டுபோவார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிற்கும் இடத்தில் பென்சில் குறி, குறிக்குக் குறி நீலப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டி அடிப்பார், அப்புறம் பிரஷ்.

"கொஞ்சம் பொறுங்க மேடம், தண்ணி அடங்கட்டும்" என்பார் ஒவ்வொரு தடவையும். "நம்ம கண்ணு ஏமாத்தும். தண்ணிக்கு ஏமாத்தத் தெரியாது."

பத்தொன்பது நாள் நடந்தோம். கடைத்தெருவின் கீழ்முனையில் கணுக்கால் உயரத்தில் தொடங்கிய கோடு, தெரு இறங்க இறங்க சுவரில் ஏறிக்கொண்டே போனது. முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து. "கோடு ஏறவே இல்ல மேடம். அது நின்ன இடத்துலதான் நிக்குது. நாமதான் இறங்கிட்டு இருக்கோம்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். கடைத்தெருவிலிருந்து பார்த்தால் அது ஒரே நேர்கோடு.

பள்ளத் தெருவில் அது கதவுகளின் மேல்சட்டத்துக்கும் மேலே போனது. ஏணி இல்லாமல் போட முடியவில்லை. அதற்குள் ஊரில் ஆத்திரம் கிளம்பியிருந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தார்கள். கல்யாணம் பேசி வைத்திருந்த ஒரு பெண்ணை, 'கோட்டுக்குக் கீழே இருக்கிற வீடு' என்று வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் பெயிண்ட் டப்பாவை உதைத்துக் கொட்டினார். பெயிண்டர் டப்பாவை நிமிர்த்தி வைத்து, மிச்சம் இருந்ததை வழித்து எடுத்தார்.

அக்காவின் வீட்டுக் கதவுக்கு மேலே அவர் நூலடிக்கும்போது நான் டியூபின் மறுமுனையைப் பக்கத்து வீட்டு ஜன்னலருகே பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஊன்றுகோலோடு வெளியே வந்தார்.

"என்னடா இது?"

"தண்ணி வந்தா இவ்வளவு வரும்கறாங்கக்கா."

"என் தலைக்கு மேலயா?"

"ஆமாக்கா."

அக்கா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "நான் செத்து மிதக்கப்போற உயரத்தை நீயே அளந்து போட்டுட்ட. நல்லா இருடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடம். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை இவர் மருந்தும் சாமானும் வாங்கிக்கொண்டு போவார். ஜன்னல் வழியாக ஒரு கை வந்து பையை வாங்கிக்கொள்ளும், முகம் வராது. திங்கட்கிழமை சீட்டு வாங்க வரும்போது நான் கேட்பேன், "பேசினாங்களா?" என்று. "கை வந்துச்சு மேடம்" என்பார். ஒரு தடவை, "கை நகமே வெட்டாம இருக்கு. கால் நகத்துக்கு எங்க குனியப்போகுது" என்று சொல்லிவிட்டு, சீட்டை வாங்காமலே போய்விட்டார்.

பிறகு தேர்தல் வந்தது. 'நீலக்கோட்டை அழிப்போம்' என்று சொல்லி நின்றவர்கள் அமோகமாக ஜெயித்தார்கள். ஜெயிக்காமல் என்ன செய்வார்கள்? தினமும் காலையில் கதவைத் திறந்தால் தலைக்கு மேலே ஒரு கோடு இருந்தால் நானும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன்.

புதிய தலைவர் முதல் கூட்டத்திலேயே பொறியாளரை நிற்க வைத்துக் கேட்டார். "அம்பது வருஷம் கழிச்சுக் கடல் எங்க நிக்கும்னு சொல்றீங்களே, நாளைக்கு மழை வருமா, அதைச் சொல்லுங்க பாப்போம்."

மன்றம் சிரித்தது. பொறியாளர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். "நாளைக்கு மழை வருமான்னு எனக்குத் தெரியாது சார். அடுப்புல ஏத்தின தண்ணி சூடாகும்னு தெரியும்" என்றார். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. மூன்று வரைபடங்களையும் சுருட்டி என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். "வச்சிருங்க, கேப்பாங்க" என்றார். யாரும் கேட்கவில்லை.

கோட்டை ஒரேயடியாக அழிக்கவும் தலைவருக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் பேர் கெட்டுவிடுமே. மேட்டுக் கட்சியும் விடவில்லை. சமரசம் பேசினார்கள். எதிர்காலக் கணிப்பு வேண்டாம், ஊரின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம் என்று முடிவானது. உயிரோடு இருப்பவர்கள் நினைவில் பள்ளத் தெருவில் தண்ணீர் அதிகபட்சம் வந்தது முழங்கால் உயரம். அப்படியானால் கோடும் முழங்கால் உயரம். ஒரு தெருவுக்கு மட்டும் போட்டால் அது பாரபட்சம் ஆகிவிடும் என்று ஒருவர் எழுந்தார். ஆக, ஊரில் எல்லாத் தெருவிலும், மேடோ பள்ளமோ, தரையிலிருந்து முழங்கால் உயரம். சமநீதி. குன்றின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கும் முழங்கால் உயரக் கோடு உண்டு. அந்தக் கோடு வரை கடல் வந்தால் எங்கள் ஊர் மட்டுமில்லை, பக்கத்து மூன்று ஊரும் இருக்காது.

அப்புறம் யாருடைய முழங்கால் என்று பிரச்சினை வந்தது. சிரிக்காதீர்கள், ஒரு மணி நேரம் விவாதித்தார்கள், குறிப்பேட்டில் இருக்கிறது. கடைசியில் தலைவரே பெருந்தன்மையாகக் கால்சட்டையை மடித்துவிட்டு மன்றத்தின் நடுவில் நின்றார். பியூன் ஒரு மரக்குச்சியை அவர் காலோடு சேர்த்துப் பிடித்து, குறி வைத்து, ரம்பத்தால் அறுத்தார். தலைவர் அவ்வளவு உயரமான ஆள் இல்லை. அந்தக் குச்சியில் தீர்மான எண்ணை எழுதி ஒரு டேக் கட்டி, ஸ்டோரில் 'அளவுக் கருவிகள்' என்ற தலைப்பில் பதிந்தேன்.

எனக்கு இன்னொரு வேலையும் வந்தது. திட்டப் பிரிவுக் கோப்புகளில் 'கணிப்பு' என்ற சொல் இருக்கும் இடத்திலெல்லாம் வெள்ளை மை தடவி 'அனுபவம்' என்று எழுத வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து செய்தேன். ஒரு கோப்பில் 'நாளைய வானிலை அனுபவம்' என்று வந்தது. அதையும் அப்படியே விட்டேன். அன்று சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

பெயிண்டர் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "தண்ணிக்கு இந்தத் தீர்மானத்த யாரு மேடம் படிச்சுக் காட்டுவா?"

"நீங்க போடலைன்னா வேற ஆளுக்குப் போகும்ண்ணே."

"டியூப் வேண்டாமா?"

"குச்சி போதுமாம்."

அவர் குச்சியை வாங்கித் தன் காலோடு வைத்துப் பார்த்தார். அவருடைய முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. கையெழுத்துப் போட்டார். முன்னால் பத்தொன்பது நாள் ஆன வேலை இப்போது நான்கு நாளில் முடிந்தது. பழைய கோட்டின்மேல் சுண்ணாம்பு, கீழே புதுக்கோடு. நான் கூடப் போக வேண்டியிருக்கவில்லை. குச்சிக்கு மறுமுனை கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் அவர் ஆபீஸுக்கு வந்தார், சீட்டு எதுவும் இல்லாமல். முகம் முழுக்கச் சிரிப்பு. இத்தனை வருடத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

"அக்கா பேசிடுச்சு மேடம்."

பள்ளத் தெருவில் அவர் அக்கா வீட்டுச் சுவரில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்ததாம். "டேய், எவ்வளவு நேரம் குனிஞ்சுட்டே இருப்ப, உள்ள வா" என்றாராம். உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாராம். இளைத்துவிட்டாய் என்று திட்டினாராம். இவர் அக்காவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகம் வெட்டிவிட்டாராம். அப்புறம் அக்கா சொன்னதற்காக, கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் அடுக்கி, கோட்டுக்கு ஒரு சாண் மேலே வரும்படி உயர்த்தி வைத்தாராம்.

"இதுக்கு மேல வராதுல்ல?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"வராதுக்கா" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன். "ஏன்ண்ணே அப்படிச் சொன்னீங்க? நாமதானே அளந்தோம்?"

சிரிப்பு போய்விட்டது. "ரெண்டு வருஷம் கழிச்சு நேத்துதான் மேடம் முகத்தப் பாத்தேன். சாப்பாடு போட்டுட்டுக் கேக்குது. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? ஒரு மாசம் போகட்டும், பக்குவமா எடுத்துச் சொல்லி என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்."

ஒரு மாதம் போனது. அப்புறம் ஒரு வருடம் போனது. அவர் தினமும் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு துறைமுகச் சுவரோரம் நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே நடப்பார்கள். அவ்வளவு சந்தோஷமான சண்டையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒன்றிரண்டு தடவை, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "சொல்லணும் மேடம்" என்றார். அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். பள்ளத் தெருவில் புது வீடுகள் எழும்பின, எல்லாம் முழங்காலுக்கு ஒரு படி மேலே. அனுமதிச் சீட்டுகளை நான்தான் டைப் அடித்தேன்.

மூன்றாவது வருடம் புயல் வந்தது.

காலை ஒன்பது மணிக்கே வானிலை மையத்திலிருந்து எச்சரிக்கை. புயல் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது, பிற்பகல் கடல் ஏறும் நேரமும் அதுவும் ஒன்றாகச் சேரும் என்று. தலைவர் அறையில் கூட்டம். மேட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடலாம், பள்ளத் தெருவுக்கு பஸ் அனுப்பலாம் என்று யாரோ சொன்னார்கள். தலைவர் தலையை ஆட்டினார்.

"நாமளே காலி பண்ணச் சொன்னா, நாம போட்ட கோடு தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். அடுத்த மாதம் மறுபடி தேர்தல்.

அறிவிப்பை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம். பொருட்களையும் முதியோர்களையும் நீலக்கோட்டுக்கு மேலே பாதுகாப்பாக வைத்துக்கொள்ளவும்.' அடித்து முடித்துக் கொடுத்துவிட்டு, மேஜைக்கு அடியில் சுருட்டிக் கிடந்த வரைபடங்களைப் பார்த்தேன். அதை எடுத்துத் தலைவர் முன்னால் விரித்திருக்கலாம். செய்யவில்லை. பெயிண்டருக்கு மட்டும் போன் போட்டேன். அவர் ஊரின் மறுகோடியில், குன்றின் மேல், தண்ணீர்த் தொட்டியின் ஏணிக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து இறங்கிக்கொண்டே அவர் அக்காவைக் கூப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குப் பிறகு ஒரே ஒரு தடவை சொன்னார். ஒரு வார்த்தை மாறாமல் இதுதான்.

"அக்கா, வெளிய வா. எதிர்வீட்டு மாடிக்குப் போ."

"எதுக்குடா? இப்பதான் வண்டில சொல்லிட்டுப் போனான், கோட்டுக்கு மேல இருந்தாப் போதுமாம். கட்டில்ல காலை நீட்டி உக்காந்திருக்கேன்."

"அந்தக் கோடு பொய்க்கா."



"நீ போட்டதுடா."

"நான் போட்டதுதான். பொய்யாப் போட்டேன். முதல்ல போட்டதுதான் நெசம். எந்திரிக்கா, எந்திரிச்சு வெளிய வா."

"அப்ப அன்னைக்கு வராதுன்னு சொன்னியே?"

அதோடு அழைப்பு அறுந்துபோனது. பெயிண்டர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், மணி அடிக்கவே இல்லை.

குன்றிலிருந்து வரும் சாலை முழுக்கக் கார்கள். சொந்த வண்டி இருந்தவர்கள் எந்த அறிவிப்பையும் நம்பாமல் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் இறங்கி வந்தவர் அதைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அவர் பள்ளத் தெரு முனைக்கு வந்தபோது மணி மூன்றரை. முனையிலேயே தண்ணீர் கழுத்தளவு. உள்ளே குதித்தவரை நான்கு பேர் பிடித்து இழுத்துப் போட்டார்கள். இழுத்தவர்களில் ஒருவரின் கையை அவர் கடித்துவிட்டார். கடிபட்டவர் எங்கள் பியூன்தான், அந்தக் குச்சியை அறுத்த அதே பியூன். இன்னும் தழும்பு இருக்கிறது.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. அந்தத் தெருவில் ஏழு பேர் இறந்திருந்தார்கள். அக்கா கட்டிலில் இல்லை. கட்டில் மிதந்து போய் மூலையில் தலைகீழாகக் கிடந்தது, செங்கல்கள் நான்கு இடத்திலும் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. அக்கா கதவுக்குப் பின்னால் கிடந்தார். தாழ்ப்பாள் திறந்திருந்தது. ஊன்றுகோல் கதவிடுக்கில் சொருகியிருந்தது. நெம்பிப் பார்த்திருக்கிறார். வெளிப்பக்கம் திறக்கும் கதவு, வெளியே தெரு முழுக்கத் தண்ணீர். தம்பி பொய் சொன்னபோதும் நம்பினார், உண்மை சொன்னபோதும் உடனே நம்பிக் கட்டிலை விட்டு இறங்கியிருக்கிறார்.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் பெயிண்டர் அந்தச் சுவரை அளந்தார். சுண்ணாம்பு ஊறி உரிந்து, கதவுக்கு மேலே பழைய கோடு நீலமாகத் தெரிந்தது. சேற்றுத் தடம் அதற்கு நான்கு விரற்கடை கீழே. பொறியாளர் சொன்னதில் அவ்வளவுதான் பிசகு.

விசாரணைக் குழு போட்டார்கள். குழுவின் தலைவர், நகராட்சித் தலைவரேதான். முடிவு முதல் நாளே எழுதியாகிவிட்டது. கோடு போட்டதில் அளவுப் பிழை. பெயிண்டரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"பள்ளத் தெருவுல கோடு போட்டது யாரு?"

"நான்தான்."

"அளவு?"

"என்னுதுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஸ்டோருக்குப் போய் அந்தக் குச்சியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். டேக் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"உங்க முழங்கால் சார்" என்றேன். "தீர்மான எண் எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெயிண்டர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஏன் மேடம் வம்பு என்கிற மாதிரி. அன்று சாயங்காலம் குச்சியைக் காணவில்லை. மறுநாள் எனக்கு மாற்றல் வந்தது, அதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு. அறிக்கையில் 'ஒப்பந்தப் பெயிண்டரின் அளவுப் பிழை' என்று அச்சாகி வந்தது. தலைவர் தேர்தலில் தோற்றார். ஜெயித்து வந்தவர்கள் கோட்டை எங்கே போடுவது என்று புதிதாக விவாதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நேற்றுவரை முடியவில்லை.

கீழ்த்தளத்துக்கு வந்த முதல் வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. புயலில் இறந்தவர்களின் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று. ஏழு பேருக்கும் எழுதினேன்.

பெயிண்டர் அக்காவின் சான்றிதழ் வாங்க வந்தார். சட்டையில் ஒரு பொட்டு பெயிண்ட் இல்லை. வேலைக்குப் போவதில்லையாம். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று, "படிங்க மேடம்" என்றார். படித்தேன். பெயர், வயது, முகவரி. காரணத்துக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"படிங்க."

"கணிக்க முடியாத இயற்கைச் சீற்றம்."

கோப்புகளில் நான் வெள்ளை மை தடவி அழித்த 'கணிப்பு', 'முடியாத' என்பதைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

"முடியாததா? நீங்கதானே மேடம் மறுமுனையப் பிடிச்சீங்க."

"ஆமாண்ணே."

"தண்ணி அடங்கட்டும்னு நான் சொன்னேன். நீங்க பிடிச்சுட்டே நின்னீங்க."

"ஆமாண்ணே" என்றேன் மறுபடி. எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க தப்பு இல்லண்ணே. குச்சி அவங்க கொடுத்தது. தீர்மானம் போட்டது அவங்க. உங்க மேல ஏன் நீங்களே போட்டுக்கறீங்க?"

"கோட்டுக்குத் தீர்மானம் இருக்கு மேடம்" என்றார். "வராதுக்கான்னு நான் சொன்னதுக்கு எந்தத் தீர்மானம் இருக்கு?"

சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, எங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அது ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்குகிறது. அதை நிமிர்த்தாமலே போய்விட்டார்.